நூற்று நாற்பத்தொன்றாம் பக்கம்

எங்கள் சலவைக் கடையில் துணி தேய்த்தவரைப் பெட்டிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். இஸ்திரிப் பெட்டி கரியிலிருந்து மின்சாரத்துக்கும் மின்சாரத்திலிருந்து ஆவிக்கும் மாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. நான் அங்கே குறி போடுகிறவள். வருகிற துணியின் காலர் பட்டைக்கு உள்ளே அழியாத மையால் எண் எழுதி, நோட்டில் ஏற்றி, பின்பக்கம் அனுப்புவேன். அது வெளுத்து, தேய்த்து, மடித்துத் திரும்பி வரும்போது எண்ணைப் பார்த்துப் பொட்டலம் கட்டுவதும் நான்தான். ஆக, ஒரு நாளைக்கு நூறு முறையாவது அவர் கையிலிருந்து என் கைக்குத் துணி மாறும். ஒன்பது வருஷம் அப்படி மாறியது.

அவருடைய இடது கையில் மூன்று விரல்கள் முழுதாக மடங்காது. ஆவி பட்டு வெந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

படிக்கத் தெரியாது என்பதை மட்டும் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதமே கண்டுபிடித்துவிட்டேன். யாராவது சட்டையில் சீட்டு குத்தி அனுப்புவார்கள்: கஞ்சி வேண்டாம், கை மடிப்பு கூர்மையாக வேண்டாம் என்று. அவர் சீட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்ப்பார். பிறகு, "கண்ணாடி கொண்டு வரலம்மா. என்ன எழுதியிருக்குன்னு பாரு," என்பார். அவரிடம் கண்ணாடியே கிடையாது. எண்கள் தெரியும். தன் பெயரைக் கையெழுத்தாகப் போடத் தெரியும். எழுதுவது என்று சொல்ல முடியாது, கோலத்தை வரைவது மாதிரி வரைவார். அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், கல்யாணமான புதிதில் சொல்லிக்கொடுத்தது. அண்ணியையும் என்னையும் தவிர யாருக்கும் இந்த விஷயம் தெரியாது. சொந்த மகளுக்கே தெரியாது. பள்ளிக்கூட அட்டையில் கையெழுத்துக் கேட்டு அவள் வந்தால், "ஆவி அடிச்சுக் கண்ணு எரியுது, மார்க்கை நீயே சத்தமா சொல்லு," என்று சொல்லிச் சொல்லியே அவளைக் கல்லூரிவரை படிக்க வைத்துவிட்டார். அந்தப் பெண் இப்போது போன் விற்கிற கடையில் வேலை பார்க்கிறாள். வீட்டில் அவள் வாங்கி அடுக்கிய புத்தகங்களை இவர் வாரம் ஒரு முறை தூசி தட்டி வைப்பார்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கொலைகாரர்களைப் பற்றிய புத்தகம் என்றால் எனக்கு உயிர். கற்பனைக் கதை ஆகாது. நிஜமாக நடந்திருக்க வேண்டும். வரிசையாகக் கொன்றவனாக இருந்தால் இன்னும் நல்லது. பஸ்ஸில் வேலைக்கு வர முக்கால் மணி நேரம், திரும்ப முக்கால் மணி நேரம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஒரு கொலை முடித்துவிடுவேன். செத்தவர்களின் பெயரெல்லாம் மனதில் நிற்காது. கொன்றவன் என்ன சாப்பிடுவான், எந்தப் பக்கம் திரும்பித் தூங்குவான் என்பதுவரை நிற்கும்.

அப்படித்தான் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். இதே ஊரில் பதினாறு வருஷத்துக்கு முன்னால், நான் கல்யாணமாகி இங்கே வருவதற்கு முந்தி நடந்தது. தண்ணீர் மீட்டர் அளவெடுக்க வீடு வீடாகப் போகிறவன் ஒருவன், தனியாக இருந்த ஐந்து பெண்களை, அவரவர் வீட்டுத் துணிக் கொடியை அவிழ்த்து அதனாலேயே நெரித்துக் கொன்றிருக்கிறான். பத்திரிகைகள் அவனுக்குக் கொடிக்கயிற்றுக்காரன் என்று பெயர் வைத்திருந்தன. ஐந்தையும் ஒத்துக்கொண்டு, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எடுத்த பொருளையும் காட்டிக்கொடுத்து, சிறையிலேயே செத்துப் போனான். பழைய நிருபர் ஒருவர் எழுதிய புத்தகம். நன்றாக எழுதியிருந்தார். முதல் இரண்டு கொலையில் நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஆறாவது அத்தியாயம் போலீஸ் முதலில் தப்பாகப் பிடித்துப்போன ஆளைப் பற்றியது. சலவைக் கடையில் துணி தேய்ப்பவர். மூன்றாவது பெண் செத்த அன்று அவள் வீட்டில் தேய்த்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். இருபத்து மூன்று நாள் வைத்திருந்தார்கள். பத்தொன்பதாம் நாள் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். இருபத்து மூன்றாம் நாள், அவர் கம்பிக்குப் பின்னால் இருக்கும்போதே நான்காவது பெண் அதே முடிச்சில் செத்தாள். வேறு யாருடைய சட்டையையோ மாட்டி வெளியே அனுப்பினார்கள். இடது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போயிருந்தன என்று ஒரு வரி.

அந்த வரியைப் படித்தபோது பஸ் நின்றிருந்தது. எங்கள் பெட்டிக்காரர்தான் என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் புத்தகத்தை மூடவில்லை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, வேகமாகப் படித்தேன். எனக்குத் தெரிந்த மனுஷர் ஒருவர் உள்ளே இருக்கிறார் என்று ஒரு குறுகுறுப்பு. அந்த அத்தியாயம் இப்படி முடிந்தது: "நான்காவது பெண் சாகும்போது அவர் காவலில் இருந்தார். மூன்றாவது பெண் சாகும்போது எங்கே இருந்தார்? அந்த இரண்டு மணி நேரத்துக்கு இன்றுவரை பதில் இல்லை."

விற்பதற்காகப் போட்ட வரி. அதை எழுதுவதற்காக ஆசிரியர் ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, டீ வாங்கிக் கொடுத்து, பெட்டிக்காரரிடம் அன்பாகப் பேசிவிட்டுப் போனது எனக்கு நினைவிருந்தது. ஏதோ தூரத்துச் சொந்தம் என்று நினைத்திருந்தேன். புத்தகத்தில் பெயரை மாற்றியிருந்தார். கடையை மாற்றவில்லை. பச்சைக் கதவு, பக்கத்தில் சாவி செய்கிறவரின் பெட்டிக்கடை, எதிரே பல் டாக்டர் என்று அப்படியே இருந்தது.

இரண்டு வாரத்தில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

முதலில் வந்தவர்கள் கூச்சப்பட்டார்கள். ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டு, என் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் எட்டிப் பார்ப்பார்கள். "தேய்க்கிறவர் உள்ளதான் இருக்காரா?" என்று கிசுகிசுப்பார்கள். அப்புறம் கூச்சம் விட்டுப்போயிற்று. எங்கள் முதலாளியம்மா கணவர் இறந்தபிறகு கடையைத் தனியாளாக நடத்துகிறவர். ஆள் வரத்து கூடினால் அதன் காரணத்தைத் துருவ மாட்டார். ஒரு திங்கட்கிழமை தேய்க்கும் மேஜையைத் தூக்கி முன்பக்கம், கண்ணாடிக்குப் பக்கத்தில் போடச் சொன்னார்.

"உள்ள புழுக்கமா இருக்கு, பெட்டிக்காரரே. இங்க காத்து வரும்."

"இத்தனை வருஷமா வராத காத்தாம்மா?" என்றார் அவர். ஆனாலும் தூக்கினார்.

புத்தகத்தில் அவருடைய வாக்குமூலத்தை முழுதாக அச்சடித்திருந்தார்கள். நூற்று நாற்பத்தொன்றாம் பக்கம். அதில் ஒரு வரி வாசகர்களுக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று: "மடிக்காத துணியைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது." கல்லூரிப் பெண்கள் நாலு பேர் வந்து, பை நிறையத் துணியை அவர் மேஜையில் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. குவியலாகக் கிடந்தால் தேய்க்க முடியாதே, எடுத்து மடித்தார். பெண்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டார்கள். அதன்பிறகு குவியலாகக் கொட்டுவது ஒரு பழக்கமாகிவிட்டது. டை கட்டிய ஒருவர் துவைத்த துணியையே கசக்கிக் கொண்டுவந்து கொட்டினார். இன்னொரு பெண், நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவள் மாதிரி இருந்தாள், தன் கழுத்தில் கிடந்த துணியை உருவி அவர் கையில் கொடுத்துக் கட்டிவிடச் சொன்னாள். கூட வந்தவன் படம் எடுக்கத் தயாராக நின்றான்.

"தேய்க்கணும்னா தேய்ச்சுத் தரேன். கட்டுறதெல்லாம் நீங்களே கட்டிக்கோங்க," என்று அவர் சொன்னார்.

அவள் தன் கூட்டாளியிடம், "பாத்தியா, தொடவே பயப்படறார். ஆறாம் அத்தியாயத்துல சொன்ன மாதிரியே," என்றாள்.

அவருக்கு விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும். பழைய கேஸைப் பற்றி ஒரு புத்தகம் வந்திருக்கிறது, அதில் தான் குற்றமில்லாதவன் என்று எழுதியிருக்கிறது, அதனால் ஜனங்கள் பரிதாபப்பட்டு வந்து பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் திருத்தவில்லை.

திருத்தியது டீச்சரம்மா. தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுடைய நெடுநாளைய வாடிக்கை, நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துகிறவர். பருத்திப் புடவைகளை எடுத்துப்போக வந்தவர் மேஜைக்கு அருகில் போய் மரியாதையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க சொன்ன அந்த வரி, தண்ணி குடிச்சு முடிக்கிறவரைக்கும் அவ காத்திருந்தான்னு. அதுக்கப்புறம் ரெண்டு நாள் என்னால சாப்பிட முடியல. அப்படிப் பேச உங்களுக்கு எப்படி வந்தது?"

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"ஸ்டேஷன்ல. நூத்து நாப்பத்தொண்ணாம் பக்கம். நீங்க கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுன்னு போட்டிருக்காங்களே."

அவர் சிரித்து மழுப்பினார். டீச்சரம்மா போனபிறகு வெகுநேரம் ஒரே சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்று சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறக்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உங்கிட்ட அந்தப் புத்தகம் இருக்கில்ல. எனக்குப் படிச்சுக் காட்டும்மா. வீட்ல கேக்க முடியாது."

வெளுத்த துணி அடுக்குகிற அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, நாலு மத்தியானம் படித்தேன். முதல் நாள் சில பத்திகளை விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவினேன். "அந்தப் பக்கத்துல இன்னும் இருக்கு. உன் கண்ணு அடிவரைக்கும் போகல," என்றார். எழுத்துத் தெரியாதவரை ஏமாற்றுவது சுலபம் என்று நினைத்திருந்தேன். அவர் வாழ்நாள் முழுக்க அடுத்தவர் படிப்பதைப் பார்த்தே பிழைத்தவர். அதன்பிறகு எதையும் விடவில்லை.

வாக்குமூலம் இப்படி இருந்தது: "கதவை அவளே திறந்தாள். தண்ணீர் கேட்டேன், கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பின்கட்டில் கொடியை அவிழ்த்தேன். ஈரத் துணிகள் தரையில் விழுந்தன. அவற்றை எடுத்து ஒவ்வொன்றாக மடித்து வைத்தேன். மடிக்காத துணியைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அதன்பிறகுதான் அவளிடம் திரும்பினேன்." இப்படியே இரண்டரைப் பக்கம்.

கேட்டு முடித்ததும் அவர் முதலில் சொன்னது இதுதான்: "ஈரத் துணியை எவம்மா மடிப்பான்? கரும்புள்ளி விழுந்துடும்."

நான் புத்தகத்தை மடியில் வைத்தேன்.

"தொழில் தெரியாத ஆள் எழுதினது. ஸ்டேஷன்ல எழுத்து வேலைக்கு ரைட்டர்னு ஒருத்தர் இருந்தார். அவர் அடிக்க மாட்டார். நல்ல மனுஷன், ராவெல்லாம் தண்ணி கொடுப்பார். என்னைப் பார்த்துப் பார்த்து ஏதோ எழுதிக்கிட்டே இருப்பார். வீட்டுக்குப் போக விடறதுக்கான பேப்பர்னு சொல்லித்தான் கையெழுத்து வாங்கினாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "இன்னொரு தடவை படி," என்றார்.

நாலு நாளும் கடைசியில் அந்தப் பகுதியை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். தான் பேசாத பேச்சு பதினாறு வருஷமாகத் தன் பெயரில் உலவிக்கொண்டிருந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று சொன்னார். அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றியும் கேட்டேன்.

"வழி தெரியாம சுத்தினேன்," என்றார். "அந்தம்மா வீட்ல கொடுத்துட்டு இன்னொரு வீட்டுக்குப் போகணும். விலாசம் எழுதின சீட்டு கையில இருக்கு. படிக்கணுமே. யாராவது வந்தா, கண்ணாடி இல்லன்னு சொல்லிக் கேக்கலாம்னு நின்னேன். உச்சி வெயில், தெருவுல ஒரு ஆள் இல்ல. வந்த ஒருத்தனும் தப்பா வழி காட்டிட்டான். ரெண்டு மணி நேரம் அப்படியே போச்சு. ஸ்டேஷன்ல இதைத்தான் சொன்னேன். சீட்டு வெச்சிருக்கவனுக்கு வழி தெரியாதாடான்னு விரலைப் பிடிச்சாங்க. படிக்கத் தெரியாதுன்னு சொன்னேன், நடிக்கறேன்னுட்டாங்க. புத்தகம் எழுதினவர்கிட்டயும் வழி தெரியலன்னு சொன்னேனே. அது எந்தப் பக்கத்துல வருது?"

எந்தப் பக்கத்திலும் வரவில்லை. ஒருவன் இரண்டு மணி நேரம் வழி தெரியாமல் அலைந்ததை யார் காசு கொடுத்துப் படிப்பார்கள்? நானாக இருந்தாலும் பக்கத்தைத் தள்ளியிருப்பேன்.

அதற்குள் புத்தகம் அவர் மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. போன் கடையில் கூட வேலை பார்க்கிறவர்கள் படித்துவிட்டு, "உங்க அப்பா சலவைக் கடைதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு அப்பாவின் ஜெயில் கதையே தெரியாது. அப்போது அவளுக்கு ஏழு வயது; அப்பா வெளியூரில் வேலைக்குப் போயிருக்கிறார் என்று அண்ணி சொல்லி வைத்திருந்தார். ஒரே நாளில் முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டு வந்து, சமையலறையில் நின்றுகொண்டு கேட்டிருக்கிறாள்.

"மூணாவது பொண்ணு செத்த அன்னைக்கு எங்க போயிருந்தீங்கப்பா?"

"வழி தெரியலம்மா."

"கையில விலாசம் இருந்ததுன்னு புத்தகத்துல இருக்கே."

அண்ணி குறுக்கே வந்து, "இருபத்து மூணு நாள் நான் அந்த வாசல்ல நின்னேன். எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று கத்தியிருக்கிறார். மகள், "நீங்க அந்த வாக்குமூலத்தைப் படிச்சீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாளாம். அன்றிலிருந்து அப்பா பின்னால் வந்து நின்றால் நகர்ந்து சுவரோரமாகப் போய் நின்றுகொள்வாள். தன் துணியைத் தானே துவைத்து, தேய்க்காமலே போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். இதையெல்லாம் அண்ணி எனக்குச் சொல்லி அழுதபோது, அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டால்தான் என்ன என்று கேட்டேன்.

"அவர் சொல்ல விட மாட்டேங்கறார். கொலைகாரன்னு நெனைச்சாலும் நெனைக்கட்டும், தற்குறின்னு நெனைக்க வேண்டாங்கறார்," என்றார் அண்ணி.

மாசக் கடைசியில் டீச்சரம்மா நூலகத்து மாடியில் கூட்டம் ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஆசிரியர் வருகிறார், பெட்டிக்காரரும் வர வேண்டும். அவர் தயங்கினார். முதலாளியம்மாதான், "உங்க பக்கத்து நியாயத்தை நீங்களே சொல்லிடலாம்ல," என்று அழைத்துப் போனார். எனக்கும் அது சரி என்றே பட்டது. இவ்வளவு படித்த ஜனங்கள், நேரில் கேட்டால் விளங்கிக்கொள்வார்கள் என்று நம்பினேன். அவர் வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

நூறு நாற்காலியும் நிரம்பி, சுவரோரம் நின்றார்கள். பாதிப் பேர் மடியில் புத்தகம். பேச்சு முழுக்க எந்தக் கொலை உருக்கமாக வந்திருக்கிறது, எது சப்பென்று இருக்கிறது என்பதைப் பற்றித்தான். இரண்டாவது பெண்ணை இன்னும் கொஞ்சம் விவரித்திருக்கலாம் என்று ஒருவர் வருத்தப்பட்டார். ஐந்தாவது திகட்டிவிட்டது என்றார் இன்னொருவர். ஆசிரியர் பணிவாகக் குறித்துக்கொண்டார். பிறகு பெட்டிக்காரரை மேடைக்குக் கூப்பிட்டார்கள். எல்லாப் பார்வையும் அவர் இடது கைக்குப் போயிற்று. அவர் அதைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்ளப் பார்த்தார், விரல்கள் மடங்காததால் நுழையவில்லை.

முன்வரிசையிலிருந்து ஒரு இளைஞன் எழுந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க சார். எங்க வட்டத்துல பத்துல ஏழு பேர், மூணாவது கொலை நீங்க செஞ்சதுன்னு நம்பறோம். ரெண்டு ஆள் இருந்திருக்கணும். அந்த ரெண்டு மணி நேரம் எங்க இருந்தீங்க?"

சிலர் சிரித்தார்கள்.

"வழி தெரியல, தம்பி."

"விலாசம் கையில இருந்ததே?"

அவர் வாயைத் திறந்தார். சொல்லப்போகிறார் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். அப்போது அவர் பார்வை கடைசி வரிசைக்குப் பின்னால் போனது. குடிதண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் அவர் மகள் நின்றுகொண்டிருந்தாள், கசங்கிய சட்டையோடு. அவர் வாயை மூடிக்கொண்டார்.

அந்த மௌனம் சபைக்குப் பிடித்திருந்தது. டீச்சரம்மா எழுந்து, "வற்புறுத்த வேண்டாம்," என்று கனிவாகச் சொல்லிவிட்டு, தன்னுடைய புத்தகத்தைத் திறந்து அவர் கையில் வைத்தார். "ஐயா, ஒரே ஒரு பத்தி. நூத்து நாப்பத்தொண்ணாம் பக்கம். உங்க குரல்ல நீங்களே வாசிச்சுக் கேக்கணும்னு எல்லாருக்கும் ஆசை."

ஒன்பது வருஷமாக ஒவ்வொரு சீட்டுக்கும் அவர் செய்வதைச் செய்தார். உற்றுப் பார்த்தார். கண்ணாடி கொண்டு வரவில்லை என்று சொல்ல நிமிர்ந்தார். அதற்குள் ஆசிரியர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அன்போடு நீட்டிவிட்டார்.

பெட்டிக்காரர் அதை மாட்டிக்கொண்டார். இன்னொரு முறை மகளைப் பார்த்தார். பிறகு தொடங்கினார்.

"கதவை அவளே திறந்தாள். தண்ணீர் கேட்டேன், கொடுத்தாள்."

ஒரு இடத்தில்கூடத் தடங்கவில்லை. நாலு மத்தியானம் என் வாயிலிருந்து கேட்டதை, நான் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, நான் மூச்சு விட்ட இடத்தில் மூச்சு விட்டுச் சொன்னார். ஒரு பத்தியோடு நிறுத்தவும் அவருக்குத் தெரியவில்லை. பத்தி எங்கே முடிகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லிக்கொண்டே போனார். நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருப்பதைச் சொன்னார், நாற்பத்து மூன்றில் இருப்பதைச் சொன்னார். தாளைத் திருப்பவே இல்லை. நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. எல்லோரும் புத்தகத்தின் முதுகைப் பிடித்திருந்த அந்த விரல்களையே பார்த்தார்கள். டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் எழுந்திருக்கலாம். இவருக்குப் படிக்கத் தெரியாது, தாளைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் மானத்துக்காகத்தான் சும்மா இருந்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழு உண்மை அதுவல்ல. அவர் குரலில் அந்த வரிகள் நன்றாக இருந்தன. என் கையில் மயிர் சிலிர்த்தது. முடியட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் கை தட்டினார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தார். குழாய்க்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

மகள் அந்த வாரமே பெண்கள் விடுதிக்குக் குடிபோனாள். விடுதிப் படிவத்தில் அப்பா இறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். அண்ணி போய் அழைத்ததற்கு, நீங்கள் வேண்டுமானால் என்னோடு வந்து இருங்கள் என்றாளாம். அண்ணி போகவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. பத்து நாள் பொறுத்து, மத்தியான நேரத்தில் போன் கடைக்குப் போனேன். என்னைப் பள்ளிக்கூட நாளிலிருந்து அத்தை என்று கூப்பிடுகிறவள். கடைக்கு வெளியே நிழலில் நிறுத்தி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: எழுத்துத் தெரியாது என்பதை, கண்ணாடி என்று சொல்வதெல்லாம் சாக்கு என்பதை, கையில் சீட்டை வைத்துக்கொண்டு அவர் வெயிலில் நின்றதை.

"அன்னைக்கு என் காதால கேட்டேனே அத்தை. தடங்காம வாசிச்சார்."

"வாசிக்கலடி. நான் படிச்சுக் காட்டினேன். மனப்பாடமா சொன்னார்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் தெளியும் என்று காத்திருந்தேன். அது மெதுவாக வேறு மாதிரி ஆயிற்று.

"மனப்பாடமாவா?" என்றாள். "அதையா? மூணு பக்கத்தையும்?"

"கண்ணு, நான் சொல்ல வந்தது..."

"அவ்ளோ தடவை கேட்டாரா, அத்தை?"

நாலு நாள், தினம் இரண்டு தடவை. அதைச் சொல்லவில்லை. சொல்லாததே பதிலாகப் போயிற்று. அவள் உள்ளே போய், ஒரு வாடிக்கையாளருக்குப் போனைக் காட்ட ஆரம்பித்தாள்.

அடுத்த பதிப்பில் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு பின்னுரை சேர்த்திருந்தார்கள். "அவர் ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசித்தார். மறுக்கவில்லை," என்று இருந்தது. கூடவே படம்: கண்ணாடியும் புத்தகமுமாக அவர். முதலாளியம்மா அதை வெட்டி, கல்லாவுக்கு மேல் ஒட்டினார். மறுநாள் பெட்டிக்காரர் வேலைக்கு வரவில்லை. சொல்லிக்கொண்டும் போகவில்லை. புதிதாக வந்து தேய்ப்பவன் முப்பது வயதுக்காரன், வாயாடி. புத்தகத்தோடு வருகிறவர்கள் கேட்டால், "நான்தான்," என்று கண்ணடித்துவிட்டுப் படத்துக்கு நிற்கிறான். பதினாறு வருஷத்துக்கு முன்னால் இவன் பள்ளிக்கூடப் பையன் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

ஒரு வருஷம் கழித்து மாமியாருக்கு முட்டி வலி என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அடித்தளத்தில்தான் சலவைப் பிரிவு, பெட்டிக்காரர் அங்கே இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். மாமியாரை வரிசையில் உட்கார வைத்துவிட்டு இறங்கிப் போனேன். ஜன்னல் இல்லாத அறை. ரத்தமும் மருந்துமாக வருகிற விரிப்புகளை வெந்நீரில் போட்டு எடுக்கிற வேலை. இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இங்க யாருக்கும் என்னைத் தெரியாதும்மா. யாருக்கும் படிக்க நேரமில்ல," என்றார்.

அண்ணியைப் பற்றிக் கேட்டேன். இருக்கிறார் என்றார். மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம், யாரோ சொல்லித் தெரிந்ததாம்.

ஒரு விரிப்பை எடுத்து இயந்திரத்துக்குள் போட்டார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா நெனைச்சேன். அன்னைக்கு மாடியில நீ எழுந்து சொல்லிடுவியோன்னு எனக்கு உசிரே போச்சு. நல்லவேளை, நீ வாயைத் திறக்கல. அவளுக்கு மட்டும் அது தெரிஞ்சிருந்தா, என்னால தாங்கியிருக்க முடியாது. நீ கூடப் பொறந்தவ மாதிரி."

"அதெப்படிண்ணே சொல்லுவேன்?" என்றேன்.

அவர் தலையாட்டினார். டீ குடிக்கிறாயா என்று கேட்டார். மாமியார் காத்திருப்பார் என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். மருந்து வாங்குகிற வரிசை வாசல்வரை நீண்டிருந்தது.